வெப்பப் பரவல் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்தல்: தாளில் தொடங்கி நிரலுக்குச் செல்லும் முழுமையான வழிகாட்டி

எண்ணியல் உருவகப்படுத்தலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சமன்பாட்டைக் கண்டவுடன் நிரலை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நிரல் ஓடுகிறது, வண்ண வரைபடம் வருகிறது, வளைகோடு வழுவழுப்பாக இருக்கிறது. ஆனால் அந்த விடை சரியா என்று கேட்டால் அவர்களிடம் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை. நிரல் என்ன எண்ணைத் தர வேண்டும், அதில் எவ்வளவு பிழை இருக்க வேண்டும், அந்தப் பிழை எந்த வேகத்தில் குறைய வேண்டும் ஆகிய மூன்றையும் நிரலை எழுதுவதற்கு முன்பே தாளில் கணித்துவிட முடியும். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்ந்து இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான்: 1 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பி ஒன்றின் பக்கங்கள் வெப்பம் கசியாதபடி மூடப்பட்டிருக்கின்றன, இரு முனைகளும் உருகும் பனிக்கட்டியில், அதாவது 0 பாகையில், வைக்கப்பட்டிருக்கின்றன, தொடக்கத்தில் நடுப்பகுதி சூடாக இருக்கிறது. அந்தச் சூடு எப்படித் தணிகிறது என்பதே கேள்வி.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டெய்லர் தொடரை நான்காம் வகைக்கெழு வரை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். சைன், கொசைன் ஆகியவற்றின் கூட்டல் சூத்திரங்கள் நினைவில் இருக்க வேண்டும். பைத்தான் போன்ற ஏதேனும் ஒரு நிரல்மொழியில் ஒரு பட்டியலை உருவாக்கி, அதன் உறுப்புகளை ஒரு சுழற்சியில் மாற்றத் தெரிந்தால் போதும். இவற்றுக்கு மேல் தேவைப்படுவது தாளும் ஒரு சாதாரணக் கணிப்பானும் மட்டுமே.

ஆயத்தத் தொகுப்பு மென்பொருளை இந்த முதற்கட்டத்தில் பயன்படுத்த வேண்டாம். அது காலப்படியைத் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வதால், நீங்கள் கற்க வேண்டிய பிழை அனைத்தும் உங்கள் பார்வைக்கு வராமலே போய்விடும்.

2. கேள்வியை ஓர் எண்ணாகச் சுருக்குங்கள்

‘வெப்பம் எப்படிப் பரவுகிறது’ என்பது கணினியிடம் கேட்கக்கூடிய கேள்வி அன்று. ‘கம்பியின் நடுப்புள்ளியில், ஏறக்குறைய 15 நிமிடங்களுக்குப் பிறகு, தொடக்க வெப்பநிலையில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கும்’ என்று கேட்டால் விடை ஓர் எண். பிழையை அளவிட ஓர் எண் தேவை என்பதே இதற்குக் காரணம். இரு வரைபடங்களை அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிடும் பழக்கம் நூற்றில் ஒரு பங்கு பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்காது.

3. அலகுகளை நீக்குங்கள்

சமன்பாடு சொல்வது இது: வெப்பநிலையின் கால வகைக்கெழு, வெப்பப் பரவுதிறனை இரண்டாம் இட வகைக்கெழுவால் பெருக்கியதற்குச் சமம். செம்பின் வெப்பப் பரவுதிறன் நொடிக்கு ஏறக்குறைய 1.1 × 10⁻⁴ சதுர மீட்டர்.

நீளத்தைக் கம்பியின் நீளத்தாலும், காலத்தை ‘நீளத்தின் வர்க்கம் ÷ பரவுதிறன்’ என்ற அளவாலும், வெப்பநிலையைத் தொடக்கத்தின் உச்ச மதிப்பாலும் வகுத்துவிட்டால், சமன்பாட்டில் பரவுதிறன் 1 ஆகிவிடும். இந்தக் கம்பிக்குக் காலத்தின் அலகு 1 ÷ 0.00011 = 9,091 நொடி, அதாவது இரண்டரை மணி நேரம். ஆகவே 0.1 என்ற அலகற்ற காலம் 909 நொடியைக் குறிக்கிறது. நம் கேள்வியில் உள்ள 15 நிமிடம் அதுதான்.

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் இரண்டு இழப்புகளுக்கு உள்ளாகிறார்கள். முதலாவது, நீளத்தைச் சென்டிமீட்டரிலும் பரவுதிறனைச் சதுர மீட்டரிலும் கொடுத்துவிட்டு, விடை பத்தாயிரம் மடங்கு வேகமாகவோ மெதுவாகவோ நகர்வதைக் கண்டு நிரலில் பிழை தேடுகிறார்கள். இரண்டாவது, கம்பி செம்பிலிருந்து பித்தளைக்கு மாறும்போது முழுக் கணக்கையும் மீண்டும் ஓட்டுகிறார்கள். பித்தளையின் பரவுதிறன் செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால், கால அச்சை மூன்று மடங்கு நீட்டினாலே விடை கிடைத்துவிடும்.

4. துல்லியத் தீர்வு தெரிந்த ஒரு நிலையை முதலில் எடுங்கள்

தொடக்க வெப்பநிலை சைன்(பை × இடம்) என்ற வடிவில் இருப்பதாகக் கொள்ளுங்கள்; பை என்பது 3.14159 எனத் தொடங்கும் மாறிலி. அப்போது துல்லியத் தீர்வு அதே சைன் வடிவம். அதன் உயரம் மட்டும் அடுக்குக்குறிச் சார்பாகக் குறையும். குறையும் வீதம் பை². ஆகவே 0.1 காலத்தில் நடுப்புள்ளியின் மதிப்பு, இயற்கை மடக்கையின் அடிமானத்தை −0.98696 என்ற அடுக்குக்கு உயர்த்துவதால் கிடைக்கும் 0.37271 ஆகும்.

உண்மையான கம்பியில் தொடக்க நிலை இவ்வளவு அழகாக இராது என்று மாணவர்கள் தயங்குவதுண்டு. நிரல் சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறதா என்பதைச் சோதிப்பது மட்டுமே இங்கு நோக்கம். இந்தச் சோதனையில் தோற்கும் நிரல் சிக்கலான தொடக்க நிலையிலும் தோற்கும். அங்கே தோற்றதை அறியத்தான் வழி இருக்காது.

5. வகைக்கெழுக்களை வேறுபாடுகளாக மாற்றி, விட்டுவிட்டதை எழுதி வையுங்கள்

கம்பியைச் சம இடைவெளியுள்ள புள்ளிகளாகப் பிரியுங்கள். இந்தப் புள்ளிகளின் வரிசையைக் ‘கட்டம்’ என்போம். இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை ‘இ’ என்றும், ஒரு காலப்படியின் அளவைக் ‘கா’ என்றும் குறிப்போம். இரண்டாம் இட வகைக்கெழுவுக்குப் பதிலாக, (இடது − 2 × நடு + வலது) ÷ இ² என்பதையும், கால வகைக்கெழுவுக்குப் பதிலாக, (புதியது − பழையது) ÷ கா என்பதையும் வைக்கிறோம். கா ÷ இ² என்ற விகிதத்தை ‘வி’ என்று அழைத்தால், கணினி செய்ய வேண்டிய வேலை ஒரே வரியில் அடங்கிவிடுகிறது:

புதிய நடு = வி × இடது + (1 − 2வி) × நடு + வி × வலது

இதை எழுதியவுடன் நிரலுக்குத் தாவிவிடாமல், டெய்லர் தொடரை விரித்து, நாம் விட்டுவிட்ட முதல் உறுப்புகளை எழுதி வையுங்கள். கால வேறுபாட்டில் விடுபடுவது (கா ÷ 2) × இரண்டாம் கால வகைக்கெழு. இட வேறுபாட்டில் விடுபடுவது (இ² ÷ 12) × நான்காம் இட வகைக்கெழு. இவற்றின் வேறுபாடே துண்டிப்புப் பிழை. வெப்பச் சமன்பாட்டின்படி இரண்டாம் கால வகைக்கெழுவும் நான்காம் இட வகைக்கெழுவும் ஒன்றே என்பதால், துண்டிப்புப் பிழை (கா ÷ 2 − இ² ÷ 12) × நான்காம் வகைக்கெழு என்று சுருங்குகிறது.

இந்தச் சிறு வரியிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. வி மாறாதிருக்கும்போது கா என்பது இ²-ஐப் பொறுத்தே மாறுவதால், இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை நான்கில் ஒரு பங்காக வேண்டும். காலப்படியை மட்டும் சிறிதாக்கிக்கொண்டே போனால், இ² ÷ 12 என்ற பகுதி அப்படியே எஞ்சி நிற்கும். ஆகவே அது பயனற்ற உழைப்பு. மூன்றாவதாக, வி சரியாக 1/6 ஆக இருந்தால் இரு பகுதிகளும் ஒன்றையொன்று நீக்கிவிடும். அப்போது இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை பதினாறில் ஒரு பங்காகும்.

6. நிலைப்புத்தன்மையின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

மேலே உள்ள ஒற்றை வரியை மீண்டும் பாருங்கள். புதிய மதிப்பு என்பது மூன்று பழைய மதிப்புகளின் எடையிட்ட சராசரி. எடைகளின் கூட்டுத்தொகை 1. வி பாதிக்கு மேல் போகாதவரை எந்த எடையும் எதிர்க்குறி பெறுவதில்லை. ஆகவே புதிய மதிப்பு பழைய மூன்றின் சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் இடையிலேயே இருக்கும். வி பாதியைத் தாண்டினால் நடு எடை எதிர்க்குறி பெறுகிறது: சூடான புள்ளி, அதே சூட்டின் காரணமாகத் தன் அண்டைப் புள்ளிகளைவிடக் குளிர்ந்துபோகத் தொடங்குகிறது. இயற்பியலுக்கு முரணான இந்த நடத்தையே வெடிப்பின், அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதன், தொடக்கம்.

எவ்வளவு வேகமாக வெடிக்கும் என்பதை அறிய, ஓர் அலையை உள்ளே இட்டுப் பாருங்கள். கம்பியில் ‘அ’ எண்ணிக்கையுள்ள அரை அலைகள் அடங்கும் சைன் வடிவம், ஒவ்வொரு காலப்படியிலும் பின்வரும் வளர்ச்சிக் காரணியால் பெருக்கப்படுகிறது:

வளர்ச்சிக் காரணி = 1 − 4 × வி × சைன்²(பை × அ × இ ÷ 2)

மிக நீண்ட அலைக்கு இது 1-ஐவிடச் சற்றே குறைவு. மிகக் குறுகிய, அதாவது புள்ளிக்குப் புள்ளி குறி மாறும் அலைக்கு, இது ஏறக்குறைய 1 − 4வி. அதன் எண்ணளவு 1-ஐத் தாண்டாமல் இருக்க வி ≤ 1/2 என்பதே நிபந்தனை. எடைகளின் வாதமும் அலைகளின் வாதமும் ஒரே எல்லையைத் தருவது உங்கள் கணக்கு சரி என்பதற்கு நல்ல அறிகுறி.

இங்கேதான் நான் மிக அதிகமாகக் கண்ட தடுமாற்றம் நிகழ்கிறது. வி = 0.6 என்று வைத்து, 40 இடைவெளிகளோடு, சைன் தொடக்கத்தில் ஐம்பது படிகள் ஓட்டிப் பார்க்கிறார்கள். விடை நன்றாகவே இருக்கிறது. ‘எல்லை கோட்பாட்டில் மட்டும்தான்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். காரணம் எளிது. தூய சைன் தொடக்கத்தில் குறுகிய அலை எதுவும் இல்லை. கணினியின் முழுதாக்கல் பிழையிலிருந்து, அதாவது எண்களை வரம்புள்ள இலக்கங்களில் சேமிப்பதால் வரும் பிழையிலிருந்து, 10⁻¹⁶ அளவில்தான் அது பிறக்கிறது. அதன் வளர்ச்சிக் காரணி −1.4 என்பதால், 10⁻¹⁶ என்பது 1 ஆக வளர 16 ÷ மடக்கை(1.4) (இங்கே மடக்கையின் அடிமானம் 10), அதாவது ஏறக்குறைய 110 படிகள் வேண்டும். நூறு படிகள்வரை அமைதியாக இருந்த விடை அடுத்த இருபது, முப்பது படிகளில் மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போல மேலும் கீழும் பாய்ந்து, பொருளற்ற பேரெண்களாக மாறுகிறது. தொடக்க நிலையில் கூர்மையான விளிம்பு ஒன்று இருந்தாலோ, குறுகிய அலைகள் முதலிலேயே இருப்பதால் பத்துப் படிகளுக்குள் அதே நிலை வந்துவிடும். ஆகவே நிலைப்புத்தன்மையை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், தாளில் தீர்மானியுங்கள்.

துண்டிப்புப் பிழை சுழியை நோக்கிச் செல்வதும், முறை நிலைப்புத்தன்மை உடையதாக இருப்பதும் சேர்ந்தால், நேரியல் சிக்கல்களுக்கு விடை உண்மையை நோக்கி ஒருங்கும் என்பதைப் பீட்டர் லாக்ஸும் ராபர்ட் ரிக்ட்மயரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். 5, 6 ஆகிய படிகளை நிரலுக்கு முன்னால் வைத்ததற்கு இந்தத் தேற்றமே காரணம்: இரண்டையும் தாளில் முடித்துவிட்டால் ஒருங்கலுக்கு உறுதி கிடைத்துவிடுகிறது.

பரவுதிறன் இடத்துக்கு இடம் மாறுமானால், அதன் மிகப் பெரிய மதிப்பை வைத்து எல்லையைக் கணக்கிடுங்கள். சராசரியை வைத்துக் கணக்கிட்டால் ஒரே ஒரு புள்ளியில் எல்லை மீறப்பட்டு, அங்கிருந்து முழுக் கம்பியும் கெடும். வெப்பம் பரவாமல் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும் சிக்கலாக இருந்தால், எல்லை இ²-ஐ அல்லாமல் இ-ஐப் பொறுத்து அமையும்; கூராண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல் தந்த நிபந்தனை அந்த வகையினது.

7. நிரல் தர வேண்டிய எண்ணை முன்னரே எழுதுங்கள். பிறகு நிரலை எழுதுங்கள்

10 இடைவெளிகள், வி = 1/2 என்று கொள்வோம். இ = 0.1, கா = 0.005, 0.1 காலத்தை அடைய 20 படிகள். ஒற்றை அரை அலைக்கு வளர்ச்சிக் காரணி 1 − 2 × சைன்²(பை ÷ 20), அதாவது கொசைன்(பை ÷ 10) = 0.95106. இதை இருபது முறை பெருக்கினால் 0.36654. உண்மை விடை 0.37271 என்றாலும், இந்தக் கட்டத்தில் நிரல் தர வேண்டிய எண் 0.36654 மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முன்கணிப்பு கையில் இருந்தால் பிழையின் வகைகூட எண்ணிலிருந்தே தெரிந்துவிடும். நிரல் 0.34860 என்று காட்டினால், அது ஒரு படி கூடுதலாக ஓடியிருக்கிறது, 0.38541 என்று காட்டினால், ஒரு படி குறைவாக ஓடியிருக்கிறது. காலத்தை ஒரு மாறியில் கூட்டிக்கொண்டே போய், அது இறுதிக் காலத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை சுழலச் சொல்லுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது: 0.1 என்ற எண்ணைக் கணினியின் இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. இரட்டைத் துல்லியத்தில் (ஓர் எண்ணுக்கு 64 பிட்டுகள்) அதைப் பத்து முறை கூட்டினால் 1 கிடைக்காமல் 0.9999999999999999 கிடைக்கிறது, சுழற்சி இன்னும் ஒருமுறை ஓடிவிடுகிறது. படிகளின் எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்து எண்ணுவதே இதற்குத் தீர்வு.

இன்னொரு வழக்கமான பிழை, பழைய பட்டியலின் மீதே புதிய மதிப்புகளை எழுதுவது. அப்படிச் செய்தால், ஒரு புள்ளியைக் கணக்கிடும்போது அதன் இடது அண்டைப் புள்ளி ஏற்கெனவே புதிய காலத்துக்குப் போயிருக்கும். வெடிப்பு ஏதும் நேராததால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் தொடக்க நிலை நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராக இருந்தால் விடையும் சமச்சீராகத்தான் இருக்க வேண்டும். இடது கால்பகுதிப் புள்ளியையும் வலது கால்பகுதிப் புள்ளியையும் ஒப்பிட்டால் இந்தப் பிழை உடனே அகப்படும். பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரு பட்டியல்களை வைத்துக்கொள்ளுங்கள்.

8. கட்டத்தைப் பாதியாக்கி, பிழை குறையும் வேகத்தை அளவிடுங்கள்

வி = 1/2 என்பதை மாற்றாமல் மூன்று முறை ஓட்டுங்கள். 10 இடைவெளிகளுக்கு விடை 0.36654, பிழை 0.00616. 20 இடைவெளிகளுக்கு விடை 0.37119, பிழை 0.00152. 40 இடைவெளிகளுக்கு விடை 0.37233, பிழை 0.00038. அடுத்தடுத்த பிழைகளின் விகிதம் 4.06, பிறகு 4.01. ஐந்தாம் படியில் தாளில் எழுதிய ‘நான்கில் ஒரு பங்கு’ என்ற கணிப்பு நிறைவேறியிருக்கிறது.

பிழை சிறியதாக இருப்பதைவிட, அது சரியான விகிதத்தில் குறைவதே நிரலின் நேர்மைக்கு வலுவான சான்று. ஒரே கட்டத்தில் கிடைத்த சிறிய பிழை தற்செயலாகக்கூட அமையலாம். மூன்று கட்டங்களில் நான்கு, நான்கு என்று இறங்குவது தற்செயலாக அமையாது. விகிதம் 4-க்குப் பதிலாக 2 என்று வந்தால், எங்கோ முதல் வரிசைப் பிழை ஒன்று, அதாவது இ²-க்குப் பதிலாக இ-க்கு நேர்விகிதமாகக் குறையும் பிழை ஒன்று, நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் அது எல்லையில் இருக்கும்.

அதே 10 இடைவெளிகளில் வி = 1/6 என்று வைத்து 60 படிகள் ஓட்டினால், பிழை 0.000007 அளவுக்கு இறங்குகிறது; 40 இடைவெளிகளில் வி = 1/2 தந்ததைவிட இது ஐம்பது மடங்கு துல்லியமானது. டெய்லர் விரிப்பைத் தாளில் எழுதிய அரை மணி நேரத்தின் பயன் இது. ஆனால் பரவுதிறன் மாறும் சிக்கல்களிலும், வெப்ப மூலம் உள்ள சிக்கல்களிலும் இந்த நீக்கம் தானாக நிகழாது. அங்கே இதை நம்பி இறங்காதீர்கள்.

உண்மை விடை தெரியாதபோதும் மூன்று ஓட்டங்கள் போதும். முதல் இரண்டின் வேறுபாடு 0.00464, அடுத்த இரண்டின் வேறுபாடு 0.00114, விகிதம் 4.07. விகிதம் 4-க்கு அருகில் இருப்பது உறுதியானால், கடைசி வேறுபாட்டின் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி விடையோடு கூட்டலாம். 0.37233 + 0.00038 = 0.37271, ஐந்து இலக்கம் வரை உண்மை விடையே. விகிதத்தைச் சரிபார்க்காமல் இந்தக் கூட்டலைச் செய்வது தவறு, ஏனெனில் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பது விகிதம் 4 என்ற அனுமானத்திலிருந்தே வருகிறது.

செலவையும் இங்கேயே கணக்கிடுங்கள். வி மாறாமல் இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் இரு மடங்கு, படிகள் நான்கு மடங்கு, ஆக மொத்த வேலை எட்டு மடங்கு. முப்பரிமாணத்தில் அது 32 மடங்கு. நான்காவது ஓட்டத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம்.

9. எல்லைகளைத் தனியாகச் சோதியுங்கள்

முனையில் வெப்பநிலை நிலையாக இருந்தால் சிக்கல் இல்லை. முனை வெப்பம் கசியாதபடி மூடப்பட்டிருந்தால், அங்கே வெப்பநிலையின் சரிவு சுழி. புதியவர்கள் இதை ‘முதல் புள்ளி = இரண்டாம் புள்ளி’ என்று எழுதுகிறார்கள். அது முதல் வரிசைத் துல்லியம் மட்டுமே உடையது. உள்ளே எல்லாப் புள்ளிகளும் இரண்டாம் வரிசையில் இருந்தாலும், இந்த ஒரு வரி முழு விடையையும் முதல் வரிசைக்கு இழுத்துவிடும். கம்பிக்கு வெளியே ஒரு கற்பனைப் புள்ளியை வைத்து, அதன் மதிப்பு உள்ளே உள்ள இரண்டாம் புள்ளியின் மதிப்புக்குச் சமம் என்று கொண்டு, முனைப் புள்ளிக்கும் அதே ஒற்றை வரியைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் வரிசை காக்கப்படும்.

இரு முனைகளும் மூடப்பட்டிருந்தால் கம்பியின் மொத்த வெப்பம் மாறக் கூடாது. ஆனால் எல்லாப் புள்ளிகளையும் அப்படியே கூட்டினால் மொத்தம் சற்றே நகர்வதைக் காண்பீர்கள். முனைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் அரை இடைவெளிக்கு மட்டுமே பொறுப்பானவை; அவற்றுக்கு அரை எடை கொடுத்துக் கூட்டினால், மொத்தம் முழுதாக்கல் பிழையின் அளவுவரை மாறாமல் நிற்கும்.

10. தேவை இருந்தால் மட்டும் உட்கிடை முறைக்கு மாறுங்கள்

100 இடைவெளிகள் வைத்தால் நம் செப்புக் கம்பிக்கு அனுமதிக்கப்பட்ட காலப்படி 0.45 நொடி மட்டுமே. 20 இடைவெளிகள் வைத்தால் 11 நொடி. ஒரு நாள் முழுவதையும் 0.45 நொடிப் படிகளால் கடப்பது வீண் செலவு என்று தோன்றினால், இட வேறுபாட்டை முழுவதுமாகவோ பாதியளவிலோ புதிய காலத்தில் எழுதும் உட்கிடை முறைகளுக்குச் செல்லலாம். பின்னோக்கிய ஆய்லர் முறைக்கு வளர்ச்சிக் காரணி 1 ÷ (1 + 4 × வி × சைன்²). கிராங்க், நிக்கல்சன் இருவரும் 1947-இல் தந்த முறைக்கு (1 − 2 × வி × சைன்²) ÷ (1 + 2 × வி × சைன்²). இரண்டும் எந்தக் காலப்படிக்கும் 1-ஐத் தாண்டுவதில்லை.

நிலைப்புத்தன்மை உண்டு என்பதால் துல்லியமும் உண்டு என்று எண்ணுவதே இங்குள்ள பெரிய தவறு. வி = 10 என்று வைத்தால், மிகக் குறுகிய அலைக்குக் கிராங்க்–நிக்கல்சன் காரணி −19 ÷ 21, அதாவது −0.905. உண்மையில் நொடியில் மறைய வேண்டிய அலை, பத்துப் படிகளுக்குப் பிறகும் 0.37 பங்கு உயிரோடு இருக்கும். அதுவும் ஒவ்வொரு படியிலும் குறி மாறியபடி. கூர்மையான விளிம்புள்ள தொடக்க நிலையில் இது வரைபடத்தில் நடுக்கமாகத் தெரியும். பின்னோக்கிய ஆய்லரில் அதே அலையின் காரணி 1 ÷ 41; ஒரே படியில் அணைந்துவிடும். ஆகவே முதல் இரண்டு படிகளை நான்கு அரைப்படிகளாக்கி ஆய்லர் முறையில் நடத்திவிட்டு, அதன்பின் கிராங்க்–நிக்கல்சனுக்கு மாறுவது நல்ல வழக்கம்.

ஒவ்வொரு படியிலும் தீர்க்க வேண்டிய சமன்பாட்டுத் தொகுதியின் அணியில் மூன்று மூலைவிட்டங்கள் மட்டுமே உள்ளன. அணியின் நேர்மாறைக் கணக்கிடாதீர்கள். 10,000 புள்ளிகளுக்கு நேர்மாறு அணியில் பத்துக் கோடி எண்கள் நிறைந்து, இரட்டைத் துல்லியத்தில் 800 மெகாபைட் இடம் பிடிக்கும். மூன்று மூலைவிட்டங்களுக்கோ 240 கிலோபைட் போதும். தாமஸ் நீக்கல் முறை, புள்ளிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான வேலையில் தொகுதியைத் தீர்த்துவிடும்.

11. முழுதாக்கல் பிழைக்கு எல்லை வகுங்கள்

இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் துல்லியம் கூடிக்கொண்டே போகும் என்பது ஓரளவுவரைதான் உண்மை. சைன் சார்பின் இரண்டாம் வகைக்கெழுவை வேறுபாட்டால் கணக்கிடும்போது, துண்டிப்புப் பிழை இ² ÷ 12 எனக் குறைகிறது. முழுதாக்கல் பிழையோ 1 ÷ இ² என்ற வீதத்தில் கூடுகிறது. இரண்டும் சமநிலை பெறும் இடம் இரட்டைத் துல்லியத்தில் இ = 0.0003 அளவிலும், ஒற்றைத் துல்லியத்தில் (32 பிட்டுகள்) இ = 0.04 அளவிலும் இருக்கிறது. வேகத்துக்காக ஒற்றைத் துல்லியத்துக்கு மாறுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

சிறு பிழை நீண்ட காலம் திரள்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தவறவிட்டு 28 வீரர்கள் உயிரிழந்தனர். அந்த அமைப்பு, பத்தில் ஒரு நொடி என்பதை 24 பிட்டுகளில் வெட்டிச் சேமித்திருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்பட்ட பிழை ஒரு கோடியில் ஒரு பங்கு நொடிக்கும் சற்றுக் குறைவு. 100 மணி நேரத்தில் 36 லட்சம் துடிப்புகள். திரண்ட பிழை 0.34 நொடி. இந்தப் பெருக்கலை ஒரு தாளில் செய்ய இரண்டு நிமிடம் போதும். உங்கள் நிரலில் எத்தனை படிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிழை என்ற இதே பெருக்கலைச் செய்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

12. துல்லியத் தீர்வு இல்லாத சிக்கலுக்கு ஒரு தீர்வை உருவாக்குங்கள்

பரவுதிறன் மாறும்போதோ வெப்ப மூலம் சேரும்போதோ கையால் எழுதக்கூடிய தீர்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்போது திசையைத் திருப்புங்கள்: உங்களுக்கு விருப்பமான ஒரு சார்பைத் தீர்வாக எடுத்துக்கொண்டு, அதைச் சமன்பாட்டில் இட்டு, மீதமாக வருவதை வெப்ப மூலமாக நிரலில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சார்பே இப்போது துல்லியத் தீர்வு. எட்டாம் படியை அதன்மேல் நடத்துங்கள்.

சார்பைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. இடம் × (1 − இடம்) என்ற எளிய வடிவத்தைப் பலர் எடுக்கிறார்கள். அதன் நான்காம் வகைக்கெழு சுழி என்பதால் இட வேறுபாடு அதற்கு முழுத் துல்லியமாக அமைந்துவிடும். இடப் பிழை தோன்றவே தோன்றாது. அதன் ஒருங்கலை நீங்கள் சோதித்ததாகவே ஆகாது. சைன், அடுக்குக்குறி போன்று எந்த வகைக்கெழுவும் மறையாத சார்பை எடுங்கள்.

கட்டத்தைப் பாதியாக்கிப் பார்க்கும் சோதனையை இத்தகைய சிக்கல்களில் விட்டுவிடுவது ஆபத்தானது. நார்வேயின் ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் காங்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவாங்கருக்கு அருகே நீரில் மூழ்கியதற்கு, மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் போதிய நேர்த்தியற்ற கட்டத்தால் செய்யப்பட்ட கணினிக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது.

13. கடைசியாக அளவீட்டோடு ஒப்பிடுங்கள்

இதுவரை செய்தவை அனைத்தும் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்ற சோதனை. சரியான சமன்பாட்டைத் தீர்த்தோமா என்பதற்கு வெப்பமானி வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடுபவர்கள், அளவீட்டோடு பொருந்தவில்லை என்றவுடன் பரவுதிறனைக் கொஞ்சம் மாற்றிப் பொருத்திவிடுகிறார்கள். நிரலின் பிழை அந்த மாற்றத்துக்குள் நிரந்தரமாக ஒளிந்துகொள்கிறது. 12 படிகளும் முடிந்த பிறகே அளவீட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. உங்கள் கம்பியின் பரவுதிறன் 5 விழுக்காடு ஐயத்தோடு தெரிந்திருக்கிறது என்று வையுங்கள். 0.1 காலத்தில் நடுப்புள்ளியின் மதிப்பு அந்த ஐயத்தால் 0.987 × 5, அதாவது ஏறக்குறைய 4.9 விழுக்காடு நகரும், 0.373-இல் அது 0.018. பத்தே இடைவெளிகள் கொண்ட முதல் ஓட்டத்தின் பிழையே 0.006 தான். 20 இடைவெளிகளுக்குச் சென்றால் அந்த ஐயத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கட்டத்தின் பிழை வந்துவிடுகிறது. 40, 80 என்று மேலும் போவதற்குச் செலவிடும் கணினி நேரத்தை, பரவுதிறனை இன்னொரு முறை அளப்பதற்குச் செலவிடுங்கள்.